ஓஜாவும் வாத்தியாரும்

அண்மையில் ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில், தொல்குடி அறிவு மரபுகள் குறித்த அமர்வொன்றில் பார்வையாளராக அமர்ந்திருந்தேன். ஜார்க்கண்டின் ஓஜாக்களைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. பாம்பு கடித்தாலும் காய்ச்சல் கண்டாலும் பேய் பிடித்ததாகக் கருதினாலும் ஊர்மக்கள் முதலில் நாடிச் செல்லும் மந்திர வைத்தியர்களே ஓஜாக்கள். கட்டுரையாளர் அவர்களை ‘அறிவுத் தாங்கிகள்’ என்றார். அவர்களுடைய மந்திரம் வெறும் சொல்லன்று, செயல்நிகழ்த்தும் கூற்று என்றார். நவீன மருத்துவத்தின் மேலாதிக்கத்துக்கு எதிரான மாற்று அறிவு அது என்று முடித்தார். அரங்கம் கைதட்டியது.

வினா நேரத்தில் எழுந்து, ‘டாயின் என்ற சொல் உங்கள் கட்டுரையில் ஓரிடத்திலும் வரவில்லையே, ஏன்?’ என்று கேட்டேன். டாயின் என்றால் சூனியக்காரி. ‘அது என் ஆய்வெல்லைக்கு வெளியே இருப்பது’ என்று விடை வந்தது. அமர்வுத் தலைவர் நேரமின்மையைச் சுட்டிக்காட்டினார். தேநீர் இடைவேளை வந்தது. அங்கே சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன். வடமொழி ‘உபாத்யாய’ பிராகிருதத்தில் ‘உவஜ்ஜாய’ ஆகி, மேலும் தேய்ந்து, வட இந்திய மொழிகளில் ‘ஓஜா’ ஆயிற்று. பிராமணரிடையே அது குடும்பப்பெயராக நிற்கிறது. சோட்டாநாக்பூரின் ஊர்களில் மந்திர வைத்தியரைக் குறிக்கிறது. அதே உபாத்தியாயர் தமிழில் உவாத்தி ஆகி, வாத்தியார் ஆனார். ஆக, ஓஜாவும் வாத்தியாரும் ஒரே சொல்லின் இரு பிள்ளைகள். டாயின் என்பதும் ‘டாகினி’யிலிருந்து வந்த சொல்தான். வெளியுலகம் தொடாத ஆதிமரபு என்று அரங்கில் போற்றப்பட்டதன் இரு மையச் சொற்களுமே வடமொழி வழி வந்தவை. கடன்வாங்கிய சொல் என்பதால் மரபு பொய்யாகிவிடாது என்பதை அறிவேன். ஆனால் ‘தூய தொல்குடி அறிவு’ என்று ஒன்றைக் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பவர்கள், அந்தப் பேழையின் பெயர்ப்பலகையையாவது ஒருமுறை படித்திருக்க வேண்டும்.

இனி ஓஜாவின் வேலைக்கு வருவோம். அது ஒரே வேலையன்று, மூன்று. முதலாவது வேர், இலை, பட்டை, எலும்பு கட்டுதல். இதில் பயனுள்ளதும் உண்டு, பயனற்றதும் உண்டு. எது எது என்பதைச் சோதித்து அறியலாம். இரண்டாவது, ‘ஜாட்-பூங்க்’ என்று அங்கே சொல்லப்படும் துடைத்தலும் ஊதுதலும். அஞ்சிய மனத்துக்கு அது ஆறுதல் தரலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில், ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையால் தடவி எதையோ முணுமுணுப்பதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மூன்றாவது, ‘இதைச் செய்தது யார்?’ என்ற கேள்விக்கு விடை சொல்வது. சால மரத்து இலையில் எண்ணெய் தடவிப் பார்த்தோ அரிசி மணிகளைப் பரப்பிப் பார்த்தோ, நோய்க்குக் காரணமானவரை அடையாளம் காட்டுவது.

எல்லா ஓஜாக்களும் மூன்றாம் வேலையைச் செய்வதில்லை. சந்தால்களிடையே அதற்கென்றே ‘ஜான் குரு’ எனத் தனியொருவர் இருக்கிறார். அந்த மக்களே கவனமாகப் பிரித்துவைத்திருக்கும் வேறுபாட்டை நாம் ‘மரபு மருத்துவர்’ என்ற ஒற்றைச் சொல்லால் அழித்துவிடுகிறோம். பிறகு முதல் வேலைக்கு உரிய புகழை மூன்றாவதற்கும் சேர்த்துப் பகிர்ந்தளிக்கிறோம்.

கட்டுரையாளர் ஆஸ்டினைத் துணைக்கழைத்ததால் அவரைக் கொண்டே பேசுகிறேன். ‘சொற்களால் செயல்களைச் செய்வது எப்படி’ என்ற நூல் 1962-இல் வெளிவந்தது. முதுகலை மொழியியல் மாணவர் எவரும் அதன் சாரத்தைத் தேர்வுக்காகவாவது படித்திருப்பர். சில கூற்றுகள் உலகை விவரிப்பதில்லை, உலகில் ஒன்றைச் செய்கின்றன என்பது அதன் கருத்து. கப்பலுக்குப் பெயரிடுவதும் வாக்களிப்பதும் தீர்ப்புச் சொல்வதும் அப்படிப்பட்டவை. ஆனால் அவை நிறைவேற நிபந்தனைகள் உண்டு. அந்தச் சொல்லை ஏற்கும் வழக்காறு இருக்க வேண்டும். சொல்பவருக்கு அதற்குரிய தகுதி இருப்பதாகக் கேட்போர் ஒப்ப வேண்டும்.

இந்த நிபந்தனைகளை ஓஜாவின் இரு கூற்றுகளுக்குப் பொருத்திப் பாருங்கள். பாம்பு கடித்தவரின் முன் அமர்ந்து, ‘விஷமே இறங்கு’ என்று ஆணையிடுகிறார். நஞ்சு எந்த வழக்காற்றுக்கும் உட்பட்டதன்று. அதற்கு ஓஜாவின் தகுதி தெரியாது. கட்டுவிரியனின் நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பைத் துண்டித்து, இமையைத் தாழ்த்தி, கடைசியில் மூச்சுத் தசையை நிறுத்தும். எந்த மொழியில் ஆணையிட்டாலும் அது கேளாது. அந்தக் கூற்று அங்கே தோற்றுவிடுகிறது.

அடுத்து, ‘அந்த வீட்டுக்காரிதான் டாயின்’ என்கிறார். இந்தக் கூற்று தோற்பதே இல்லை. இதற்கு வழக்காறு உண்டு. சொல்பவரின் தகுதியை ஊர் ஒப்புகிறது. சொன்ன மறுகணம் அவள் டாயின் ஆகிவிடுகிறாள். நேற்றுவரை பக்கத்து வீட்டு அத்தையாக இருந்தவளிடம் இன்று தண்ணீர் வாங்கிக் குடிக்க அஞ்சுகிறார்கள். ஆஸ்டினின் வகைப்பாட்டில் இதற்குத் தீர்ப்புரை என்று பெயர். ஓஜாவின் மந்திர ஆற்றல் மெய்யாகவே பலிக்கும் இடம் இது ஒன்றுதான். கோட்பாட்டை மேற்கோள் காட்டிய கட்டுரை, பலிக்காத கூற்றை நாற்பது நிமிடம் வியந்துவிட்டு, பலிக்கும் கூற்றை ஆய்வெல்லைக்கு வெளியே தள்ளிவிட்டது.

2025 ஜூலை 6 இரவு, பீகாரின் பூர்ணியா மாவட்டத்தில் உள்ள டெட்காமா என்ற ஊரில், ஒராவோன் சமூகத்தைச் சேர்ந்த ஒரே குடும்பத்தினர் ஐவர் சூனியப் பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர், உடல்கள் எரிக்கப்பட்டன. அதற்கு முன்பு அவ்வூரில் ஒரு சிறுவன் இறந்திருந்தான், இன்னொருவன் நோயுற்றிருந்தான். அங்கே யார் எதைச் சொன்னார்கள் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நான் பார்ப்பது அதன் இலக்கணத்தை. குழந்தை ஏன் இறந்தது என்ற வினாவுக்கு ‘எது’ என்று விடை தேடாமல் ‘யார்’ என்று விடை தேடும் இலக்கணம் அது. வினாச்சொல் மாறியதும் நோய் குற்றமாகிறது, அண்டை வீட்டார் குற்றவாளியாகின்றனர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2000 முதல் 2016 வரை சூனியப் பழியின் பெயரால் 2,500-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொல்லப்படாமல் ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களும் நிலத்தை இழந்தவர்களும் அந்தக் கணக்கில் இல்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பீகாரில் 1999-இல் தடைச்சட்டம் வந்தது. ஜார்க்கண்ட் 2001-இல் அதை ஏற்றது. ஒருவரை டாயின் என்று அடையாளம் காட்டினால் அச்சட்டப்படி அதிக அளவாக மூன்று மாதச் சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒரு பெண்ணின் வீடு, நிலம், பெயர், உயிர் ஆகியவற்றைப் பறிக்கத்தக்க ஒரு கூற்றின் விலை ஆயிரம் ரூபாய்!

என் ஆய்வு திராவிட மொழியாகிய குருக் பற்றியது. ஒராவோன் மக்களின் மொழி அது. நம் ‘கண்’ அங்கே ‘ஃகன்’. தமிழறிந்த எவருக்கும் அந்த மொழியில் சொல் தொகுப்பது மகிழ்ச்சி தரும் வேலை. கும்லா மாவட்டத்து ஊரொன்றில் உடலுறுப்பு, உறவுமுறை, பயிர் என ஒவ்வொன்றாகத் தொகுத்துக்கொண்டு வந்தேன். மற்ற பெயர்களையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவந்த ஒரு மூதாட்டி, நோய்ப் பெயர்களுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டார். மருந்துச் செடிகளின் பெயர்களையும் ‘தெரியாது, தெரியாது’ என்று தள்ளினார். ஆனால் அவர் வீட்டு முற்றத்திலேயே அவற்றில் சில காய்ந்துகொண்டிருந்தன. மறுநாள் அவருடைய மருமகள் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: ‘அவரிடம் அதைக் கேட்காதீர்கள். மாமியாருக்கு எல்லாம் தெரியும். தெரியும் என்று ஊருக்குத் தெரியக்கூடாது. மாமனார் இப்போது இல்லை.’

ஒலிப்பதிவுக் கருவியை அணைத்தேன். என் சொற்பட்டியலில் அந்தப் பக்கம் இன்றும் வெற்றாகவே இருக்கிறது.

கருத்தரங்கில் திரையிடப்பட்ட அறிவுத் தாங்கிகளின் பட்டியலில் ஏன் ஒரு பெண்கூட இல்லை என்பதற்கு அந்த வெற்றுப் பக்கம் விடை சொல்லும். ஒரே வேரை ஆண் அறிந்திருந்தால் அவர் ஓஜா, பகத். கணவனை இழந்த பெண் அறிந்திருந்தால் அவள் டாயின். இது என் கற்பனையன்று. சந்தால்களின் பழங்கதையொன்று இதைத் தெளிவாகவே பேசுகிறது. ஆண்கள் தங்கள் தெய்வமாகிய மராங் புருவிடம் வித்தை கற்கப் போனார்கள். அவர்களை முந்திக்கொண்டு பெண்கள் ஆண்வேடமிட்டுச் சென்று அதைக் கற்றுவிட்டார்கள். ஏமாந்ததை உணர்ந்த தெய்வம், அந்தப் பெண்களைக் கண்டுபிடிக்கும் வித்தையை ஆண்களுக்குக் கொடுத்தது. அதாவது, இந்த மரபே தன்னைப் பற்றிச் சொல்லும் கதையில், கண்டுபிடிப்பவரின் கலை பெண்ணின் அறிவைக் காவல்செய்யவே பிறந்தது. மரபு மறைக்காததை ஆய்வாளர் மறைக்கிறார்.

இனி எனக்குச் சொல்லப்படும் மறுப்புகள்.

முதல் மறுப்பு: ஓஜாவை விமர்சிப்பது காலனியப் பார்வை, மேட்டுக்குடிப் பகுத்தறிவு. அப்படியானால் ஜத்ரா ஒராவோனை என்ன செய்வது? கும்லாப் பகுதியைச் சேர்ந்த அந்த இளைஞர் பேயோட்டும் வித்தையைப் பயின்றுகொண்டிருந்தவர். 1914-இல் அவர்தான், தர்மேஷ் என்னும் தம் கடவுள் தமக்குக் கட்டளையிட்டதாக அறிவித்து, பேய்களை நம்புவதையும் பேயோட்டுவதையும் உயிர்ப்பலியையும் கைவிடச் சொன்னார். தானா பகத் இயக்கம் அவ்வாறு பிறந்தது. கூலியில்லா உழைப்பையும் நிலவரியையும் எதிர்த்த அதே இயக்கம்தான் பேயோட்டுவதையும் எதிர்த்தது. சரத் சந்திர ராய் இதை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். அந்த இயக்கத்தில் வைணவச் சாயல் இருந்தது, புலால் மறுப்பு இருந்தது. அவற்றை விமர்சிக்கலாம். ஆனால் ஓஜாவை நோக்கிய முதல் கேள்வி வெளியிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்லக்கூடாது. தொல்குடி மக்களுக்குள் கேள்வி கேட்டவர்களை நீக்கிவிட்டு நம்பியவர்களை மட்டும் ‘சமூகம்’ என்று அழைப்பதுதான் காலனியப் பழக்கம்.

அசாமின் கோல்பாரா மாவட்டத்துப் பீருபாலா ராபாவை எண்ணிப் பாருங்கள். 1980-களின் நடுவில், மனநலம் குன்றிய தம் மகனை உள்ளூர் மந்திர வைத்தியரிடம் காட்டினார். மூன்று நாளில் இறந்துவிடுவான் என்றார் வைத்தியர். மூன்று நாள் கழிந்தது, மகன் இறக்கவில்லை. ‘அப்படியானால் நீ சொன்னது எப்படி?’ என்று அவர் கேட்கத் தொடங்கினார். பின்னாளில் அசாம் 2015-இல் இயற்றிய சூனியவேட்டைத் தடைச்சட்டத்தின் பின்னணியில் அவருடைய பல்லாண்டுப் போராட்டம் இருந்தது. 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2024-இல் மறைந்தார். அதே 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற ஜார்க்கண்டின் சுட்னி மகதோ, 1995-இல் தாமே டாயின் என்று முத்திரை குத்தப்பட்டுத் துன்புறுத்தப்பட்டவர். இவர்கள் இருவரும் ராபா மொழியையோ ஜார்க்கண்டையோ அறியாத வெளியாட்களா? இவர்கள் அறிவுத் தாங்கிகள் இல்லையா?

இரண்டாம் மறுப்பு வலுவானது: மருத்துவரே இல்லாத ஊரில் ஓஜாவையும் பிடுங்கிக்கொண்டால் மக்கள் எங்கே போவார்கள்? இதில் பாதியை ஒப்புகிறேன். நள்ளிரவில் கூப்பிட்டால் ஓஜா வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையம் பூட்டிக் கிடக்கிறது, அல்லது திறந்திருந்தும் மருந்தில்லை. ஓஜாவிடம் போகும் தாயை மூடநம்பிக்கைக்காரி என்று ஏசும் நகரத்துப் பகுத்தறிவை நான் வெறுக்கிறேன். ஆனால் மறுபாதியையும் பேச வேண்டும். ஒரு மதிப்பீட்டின்படி 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரியாக 58,000. ஓஜாவிடம் போனவர்களில் பலர் பிழைப்பதற்குக் காரணம், கடிக்கும் பாம்புகளில் பல நஞ்சற்றவை. நஞ்சுள்ளதும் சிலவேளை நஞ்சைச் செலுத்தாமலே கடிக்கும். பிழைத்தவர் மந்திரத்துக்குச் சாட்சியாகிறார். பிழைக்காதவர் சாட்சி சொல்ல வருவதில்லை. மந்திரத்தில் கழிந்த இரண்டு மணி நேரம், நச்சுமுறிவு மருந்து போட வேண்டிய இரண்டு மணி நேரம். மருத்துவமனை இல்லாமை ஒரு கொடுமை. அந்த இல்லாமைக்கு ‘மாற்று அறிவு’ என்று பெயர்சூட்டுவது இரண்டாம் கொடுமை. அதனால் மகிழ்பவர் ஓஜாகூட அல்லர், நிதிநிலை அறிக்கை எழுதும் அதிகாரிதான்.

மூன்றாம் மறுப்பு: சூனியப் பழியின் பின்னால் இருப்பது நிலம்; ஓஜா வெறும் கருவி. கோவிந்த் கேல்கரும் தேவ் நாதனும் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார்கள். கைம்பெண்ணுக்கு நிலத்தின்மீது வாழ்நாள் உரிமை இருக்கும் இடத்தில், அவளை அகற்ற விரும்பும் பங்காளிகள் இருப்பார்கள். முற்றிலும் ஒப்புகிறேன். ஆனால் பங்காளி நேரே வந்து ‘எனக்கு அவள் நிலம் வேண்டும்’ என்றால் ஊர் அவனைக் காறித் துப்பும். அவன் ஆசையைத் தெய்வத்தின் தீர்ப்பாக மாற்றித்தர ஒருவர் வேண்டும். கருவி என்பதால் கத்தி ஆய்வுக்கு அப்பாற்பட்டதாகிவிடுமா?

நான்காவது: நகரத்தில் தொலைக்காட்சியில் தோன்றி நோய் தீர்ப்பதாகச் சொல்லும் பெரிய மனிதர்களை விட்டுவிட்டு ஏழை ஓஜாவை ஏன் பிடிக்கிறீர்கள்? பிடிக்க வேண்டியவர்களே அவர்களும். மந்திரத்தாலும் தாயத்தாலும் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954-இலிருந்தே இருக்கிறது. அது உறங்குவதைப் பற்றி இன்னொரு பதிவு எழுதலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்தப் பெரிய மனிதர்களை எந்தக் கருத்தரங்கும் அறிவுத் தாங்கிகள் என்று அழைப்பதில்லை. இங்கே நான் பேசுவது நம் துறையின் பிழையைப் பற்றி.

மரபறிவையே நான் மறுப்பதாக எவரும் எண்ண வேண்டாம். ஜார்க்கண்டின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவருக்கு ஏற்றப்படும் நச்சுமுறிவு மருந்து எங்கிருந்து தொடங்குகிறது? நாட்டில் அம்மருந்துத் தயாரிப்புக்கு வேண்டிய பாம்பு நஞ்சின் பெரும்பகுதியைத் தருவது, சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்துப் பாம்பின் வளையை அறியும் இருளரின் திறம் தலைமுறை தலைமுறையாக வந்தது. வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றது அந்தத் திறத்துக்காகவே. இதுவும் தொல்குடி அறிவுதான். இது பாம்பைப் பற்றிய அறிவு. பிடித்த பாம்பைக் காட்டி மெய்ப்பிக்கலாம்; பிழையானால் தெரிந்துவிடும். இது எந்தப் பெண்ணின் பெயரையும் சொல்வதில்லை. இந்த அறிவையும் டாயினைக் கண்டுபிடிக்கும் அறிவையும் ஒரே தட்டில் வைப்பதன் மூலம் நாம் இழிவுபடுத்துவது இருளரைத்தான்.

மானிடவியல் நண்பர்களுக்கு ஒரு நினைவூட்டல். லெவி-ஸ்ட்ராஸ் 1949-இல் எழுதிய ‘சூனியக்காரரும் அவர் மந்திரமும்’ கட்டுரையிலிருந்து நாம் அனைவரும் மேற்கோள் காட்டுவது, ஐயத்தோடு கற்கப் போய்ப் புகழ்பெற்ற வைத்தியராகிவிட்ட கெசலிட்டின் கதையை. அதே கட்டுரையில் அதற்கு முன்பு ஒரு சூனிச் சிறுவன் வருகிறான். அவன் கையைப் பற்றியதும் ஒரு சிறுமிக்கு வலிப்பு வந்தது. சூனியம் வைத்ததாகக் குற்றஞ்சாட்டி விசாரிக்கிறார்கள். மறுத்துப் பயனில்லை என்று கண்டு, தான் சூனியக்காரன்தான் என்று ஒப்புக்கொண்டு, கேட்போர் நம்பும்படி கதை புனைந்து உயிர் தப்புகிறான். கெசலிட்டை நினைவில் வைத்துக்கொண்டு அந்தச் சிறுவனை மறந்தோமே, அது தற்செயலா?

ஆகவே என் கோரிக்கை மூன்று. மரபு மருத்துவரைப் பற்றி ஆய்வுசெய்யும் ஒவ்வொருவரும், அவர் யாரைக் குணப்படுத்தினார் என்று கேட்பதோடு யாரைப் பெயர் சொன்னார் என்றும் கேட்க வேண்டும். பெயர் சொல்லப்பட்டவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ, அவர்களுக்கு ஆபத்து நேராத வகையில், பேசாமல் அந்த ஆய்வு முடிந்ததாகக் கொள்ளக்கூடாது. நெறியாளர்களும் அறக்குழுக்களும் தகவலாளரின் ஒப்புதலைப் பெறுவதோடு நில்லாமல், அந்தத் தகவலாளரால் பாதிக்கப்பட்டவர் யார் என்றும் வினவ வேண்டும்.

‘நீ சொல்வது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்கும் உரிமை மாணவருக்கு இருக்கும்வரைதான் ஒருவர் வாத்தியார். அக்கேள்வியைக் கேட்கக்கூடாத இடத்தில் அவர் ஓஜா ஆகிவிடுகிறார். பீருபாலா ராபா அதைத் தம் ஊர் வைத்தியரிடம் கேட்டார். கருத்தரங்கில் நாம் ஒருவரையொருவர் கேட்பதில்லை.

மாற்றுக்கருத்துள்ளோர் கீழே எழுதலாம். எதிர்த்து எழுதுவோருக்கும் விடையளிப்பேன். ‘இது என் ஆய்வெல்லைக்கு வெளியே’ என்று மட்டும் எழுத வேண்டாம்.